மூக்கை மூடச் சொன்ன டாக்டர்

கோவிட் வந்த பிறகு பிபிஇ என்ற மூன்று எழுத்து நம்ம எல்லாருக்கும் பழகிப்போச்சு. அதுக்கு முன்னாடி பிளான்ட்டிலும் சைட்டிலும் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்தான் அது தெரிந்த வார்த்தை. தமிழில் தனிநபர் பாதுகாப்புக் கவசம்னு சொல்லலாம். ஹெல்மெட், சேஃப்டி ஷூ, கிளவுஸ், கண்ணாடி, இயர் பிளக், மாஸ்க் எல்லாம் ஒரே குடும்பம்.

இந்தக் குடும்பத்தில் மாஸ்க்குக்கு மட்டும் ஒரு தனிக் கதை இருக்கு. அந்தக் கதையின் ஹீரோ பெயர் வூ லியன் தே. 2021 மார்ச் 10 அன்னைக்கு கூகுள் திறந்தவர்கள் டூடுலில் இவரைப் பார்த்திருக்கலாம். டாக்டர்தான், இன்ஜினியர் இல்லை. ஆனா ஒரு ஆபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, அதுக்குப் பொருத்தமான கவசத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதை எல்லாரையும் எப்படிப் போட வைப்பது என்ற மூன்று கேள்விக்கும் இவர் வாழ்க்கையில் பதில் இருக்கு. சில மாதத்தில் கையில் ஆஃபர் லெட்டரோடு வேலைக்குப் போகப்போற நம்ம பேட்ச் தெரிஞ்சுக்க வேண்டிய ஆள்.

பினாங்குப் பையன்

1879 மார்ச் 10-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். அப்பா சீனாவின் தைஷான் பகுதியிலிருந்து பிழைப்பு தேடி வந்த பொற்கொல்லர். பினாங்கு அப்போ பிரிட்டிஷ்காரர்கள் கையில் இருந்த துறைமுகம். நம்ம ஊர்க் கரையிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்களும் சீனர்களும் மலாய்க்காரர்களும் ஒரே தெருக்களில் கடை போட்டு வாழ்ந்த ஊர்.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தார். 1896-ல் குயின்ஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. 17 வயசில் இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜில் இம்மானுவேல் காலேஜில் சேர்ந்தார். சீன வம்சாவளியில் கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த முதல் மாணவர் இவர்தான். அதோடு நிற்கவில்லை. லிவர்பூல், ஜெர்மனியின் ஹாலே, பாரிஸின் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் என்று போய் கிருமியியல் கற்றுக்கொண்டார். பாக்டீரியா ஆராய்ச்சி வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய்க்குக் காரணம் இதுதான்னு ஆதாரத்தோடு காட்டும் பழக்கம் அங்கேதான் இவருக்கு வந்தது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1903-ல் மலாயா திரும்பினார். இவ்வளவு படித்தும் அரசு மருத்துவத் துறையின் மேல் பதவி இவருக்குக் கிடையாது. அது பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட இடம். சரின்னு பினாங்கில் சொந்தமாக கிளினிக் வைத்தார். அபின் பழக்கத்தை எதிர்த்து இயக்கம் நடத்தினார். அபின் விற்பனை அப்போ பெரிய வருமானம், அதனால் எதிரிகள் சேர்ந்தார்கள். இவருடைய கிளினிக்கிலேயே கொஞ்சம் அபின் மருந்து இருந்ததைக் காட்டி வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். வெறுத்துப்போன இவருக்கு சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. 1908-ல் தியன்சின் நகரின் ராணுவ மருத்துவக் கல்லூரியில் துணை இயக்குநராகச் சேர்ந்தார்.

ஹார்பினில் இறங்கியபோது

1910-ன் கடைசி மாதங்களில் சீனாவின் வடகிழக்கு மூலையான மஞ்சூரியாவில் ஒரு நோய் பரவியது. காய்ச்சல், இருமல், இருமலில் ரத்தம், இரண்டு மூன்று நாளில் மரணம். நோய் வந்தவர்களில் பிழைத்தவர் என்று சொல்ல ஏறக்குறைய யாருமே இல்லை. ரஷ்ய எல்லையில் தொடங்கி ரயில் பாதை வழியாக ஹார்பின் நகருக்கு வந்துவிட்டது. சீன அரசு வூ லியன் தேயை அனுப்பியது. டிசம்பர் 24-ஆம் தேதி, ஒரே ஒரு மாணவ உதவியாளரோடு ஹார்பினில் இறங்கினார். அப்போ வயசு 31. வெளியே மைனஸ் 20, 30 டிகிரி குளிர்.

சீனர்கள் வாழ்ந்த ஃபூஜியாதியன் பகுதியில் ஏறக்குறைய 24,000 பேர் இருந்தார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்கி அடைத்துவிட்டு, சின்னச் சின்ன விடுதிகளில் கூட்டமாகப் படுத்திருந்த கூலிக்காரர்களும் வியாபாரிகளும்தான் அதிகம். நோய்க்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

முதலில் ஆபத்து எது?

பிளேக் என்றால் எலி, எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி, அது கடித்தால் மனிதனுக்கு நோய். அன்றைய டாக்டர்களின் கணக்கு இதுதான். இந்தியாவில் பிளேக் பரவியபோது நடந்த ஆராய்ச்சிகள் இதை உறுதி செய்திருந்தன. அது தப்பும் இல்லை, நெறிகட்டும் பிளேக்குக்கு அது சரியான விடை. அதனால் ஹார்பினிலும் எலியைத் தேடினார்கள். ஜப்பானிய டாக்டர் ஒருவர் நூற்றுக்கணக்கான எலிகளை அறுத்துப் பார்த்தார். ஒரு எலியில்கூட பிளேக் கிருமி இல்லை.

டிசம்பர் 27-ஆம் தேதி, வந்த நான்காவது நாளே, வூ ஒரு பிரேதப் பரிசோதனை செய்தார். விடுதி நடத்திவந்த ஜப்பானியப் பெண் ஒருவர் இறந்திருந்தார். உடலை அறுப்பது அன்றைய சீன வழக்கத்துக்கு முற்றிலும் எதிரானது. அதனால் அந்த வீட்டிலேயே, வெளியே தெரியாமல், அவசர அவசரமாகச் செய்து முடித்தார். நுரையீரல், இதயம், மண்ணீரல் என்று எடுத்த மாதிரிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பிளேக் பாக்டீரியா தெளிவாகத் தெரிந்தது. நுரையீரலில்தான் பெரிய சேதம்.

எலியில் கிருமி இல்லை, மனிதனின் நுரையீரலில் நிறைய இருக்கிறது. அப்போ இது எலியிடமிருந்து வரவில்லை. இருமும் மனிதனிடமிருந்து, எச்சில் துளி வழியாக, காற்றில் வருகிறது. இதுதான் அவர் எடுத்த முடிவு.

இன்னைக்கு இதை ஹசார்ட் ஐடென்டிஃபிகேஷன் என்று சேஃப்டி பேப்பரில் முதல் யூனிட்டிலேயே படிக்கிறோம். ஆபத்து எந்த வழியாக உடம்புக்குள் வருகிறது என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்தக் கவசத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது. எலிதான் காரணம் என்று நம்பியவர்கள் எலிப்பொறி வாங்கினார்கள். காற்றுதான் வழி என்று தெரிந்துகொண்டவர் மூக்கை மூடினார்.

துணி, பஞ்சு, மூன்று வால்

அவர் செய்த மாஸ்க் ரொம்ப சிம்பிளானது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை 3 அடி நீளத்துக்கு வெட்டுங்கள். அதை நீளவாக்கில் மடித்து, நடுவில் 6 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் பஞ்சை வையுங்கள். இரண்டு முனையிலும் கத்தரியால் வெட்டி மூன்று மூன்று வால் மாதிரி பிரித்துவிடுங்கள். மேல் வால் காதுக்கு மேலே போய் பின்னந்தலையில் முடிச்சு. கீழ் வால் காதுக்குக் கீழே போய் கழுத்துக்குப் பின்னால் முடிச்சு. நடு வால் உச்சந்தலையில் முடிச்சு, மாஸ்க் கீழே சரியாமல் இருக்க.

ஏன் இவ்வளவு முடிச்சு? ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று பஞ்சு வழியாகப் போகாது. தடை எங்கே குறைவோ அந்த வழியில்தான் போகும், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்த யாருக்கும் இது தெரியும். எவ்வளவு நல்ல ஃபில்டராக இருந்தாலும் முகத்தில் ஒட்டி உட்காரலைன்னா அது வெறும் அலங்காரம்தான். என்95 மாஸ்க்கில் மூக்குக்கு மேலே உலோகப் பட்டையும் தலையைச் சுற்றி இரண்டு எலாஸ்டிக்கும் வைத்திருப்பது இதே காரணத்துக்குத்தான். பஞ்சுக்குப் பதிலாக இப்போ மின்னூட்டம் ஏற்றிய நுண்ணிழைகள் வந்திருக்கு, 0.3 மைக்ரான் துகளில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும். பொருள் மாறியிருக்கு, கணக்கு மாறலை.

இன்னொரு விஷயம், அவர் தேர்ந்தெடுத்த பொருள். காஸும் பஞ்சும் எந்த ஊரிலும் கிடைக்கும், விலை மலிவு, யார் வேண்டுமானாலும் தைக்காமலே செய்துகொள்ளலாம். ஆயிரக்கணக்கான பேருக்கு நாளைக்கே வேண்டும் என்ற நிலையில், கிடைக்காத உயர்ந்த கவசத்தைவிட கிடைக்கும் நல்ல கவசமே மேல். டாக்டர்களுக்கு மட்டும் இல்லை, நர்ஸ், போலீஸ், சிப்பாய், பிணம் தூக்குபவர், வண்டி ஓட்டுபவர், ஊர்மக்கள் எல்லாரும் போடணும்னு சொன்னார்.

சீனியர் டாக்டர் மெஸ்னி

ஊரே அதை உடனே ஏற்றுக்கொண்டது என்று நினைக்காதீங்க. 1911 ஜனவரி 2-ஆம் தேதி ஜெரால்ட் மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் ஹார்பின் வந்தார். வயசு நாற்பதைத் தாண்டியவர், மருத்துவப் பேராசிரியர், பிளேக்கை நேரில் எதிர்த்த அனுபவம் உண்டு. ஆனா அந்த அனுபவம் நெறிகட்டும் பிளேக்கில் கிடைத்தது. எலியை ஒழித்தால் போதும் என்பது அவர் வாதம். வூ மரியாதையாகத்தான் தன் ஆதாரத்தைச் சொன்னார். மெஸ்னிக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு சீனன் என்னை எதிர்த்துப் பேசுவதா என்ற தோரணையில், இனத்தைச் சொல்லி இழிவாகத் திட்டினார்.

வூ சண்டை போடவில்லை. என்னை விடுவித்துவிடுங்கள் என்று பீக்கிங்குக்குத் தந்தி அடித்தார். அரசு மெஸ்னியை விலக்கியது, வூவைத் தொடரச் சொன்னது.

மெஸ்னி விடவில்லை. தன் கருத்தை நிரூபிக்கிற மாதிரி ரஷ்யர்களின் பிளேக் மருத்துவமனைக்குப் போய், மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாளில் அவருக்குக் காய்ச்சல், இருமல். ஜனவரி 11-ஆம் தேதி இறந்துபோனார்.

அதுக்குப் பிறகு ஹார்பினில் மாஸ்க் போட யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. வூ அதை வெற்றியாகக் கொண்டாடவும் இல்லை, கொண்டாடும் விஷயமும் இல்லை. மெஸ்னி திறமை இல்லாதவர் கிடையாது. பழைய ஆபத்தில் கிடைத்த அனுபவத்தைப் புது ஆபத்துக்கு அப்படியே பொருத்திப் பார்த்ததுதான் அவர் உயிரை வாங்கியது.

மாஸ்க் மட்டும் போதாது

இந்தக் கதையை மாஸ்க் ஜெயிச்சுதுன்னு முடித்துவிட்டால் பாதிக் கதைதான். அதே ஜனவரியில், தெற்கே முக்டன் நகர ரயில் நிலையத்தில் ஆர்தர் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் மிஷன் டாக்டர் பயணிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். 26 வயசு. பாதுகாப்பு உடையும் மாஸ்க்கும் போட்டுத்தான் வேலை செய்தார். அவரும் ஜனவரி 25-ஆம் தேதி இறந்துபோனார். நோயாளிகள் நிறைந்த இடத்தில் நாள் முழுக்க நின்றால் எந்தக் கவசமும் உத்தரவாதம் தராது.

வூவுக்கு இது தெரியும். அதனால்தான் ஆபத்தையே குறைக்கும் வேலையை மாஸ்க்கோடு சேர்த்துச் செய்தார். ஃபூஜியாதியனை 4 வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டரைப் பொறுப்பாக்கினார். ஒரு வட்டாரத்துக்காரர் இன்னொன்றுக்கு இஷ்டத்துக்குப் போக முடியாது, கையில் கட்டும் பட்டையின் நிறமே வேற. சிப்பாய்கள் ஊரைச் சுற்றிக் காவல் நின்றார்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைத் தேடினார்கள். நோயாளியோடு பழகியவர்களைத் தனியாக வைக்க இடம் இல்லை. ரஷ்யர்களிடம் சரக்கு ரயில் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, அதையே தனிமை முகாம் ஆக்கினார். தினமும் உடல் வெப்பம் பார்ப்பார்கள். காய்ச்சல் இல்லாமல் நாட்கள் கழிந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அப்படியும் ஒரு பிரச்சினை மிச்சம். இறந்தவர்களைப் புதைக்க முடியவில்லை. மண் கல் மாதிரி உறைந்திருந்தது. ஊருக்கு வெளியே 2,000-க்கும் மேலான பிணங்கள், சவப்பெட்டியிலும் பெட்டி இல்லாமலும் கிடந்தன. எரிப்பதுதான் ஒரே வழி. ஆனா முன்னோர் வழிபாடு ஊறிய அந்த ஊரில் பிணத்தை எரிப்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். வூ உள்ளூர்ப் பெரியவர்களை நேரில் அழைத்துப்போய் அந்த இடத்தைக் காட்டினார். அவர்களும் சேர்ந்து மனுப் போட்டார்கள். பேரரசின் அனுமதி கிடைத்ததும், 1911 ஜனவரி 31-ஆம் தேதி எரியூட்டினார்கள். சீனப் புத்தாண்டு நாட்கள் அவை. அதுக்குப் பிறகு சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. மார்ச் 1-ஆம் தேதியோடு ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுக்க ஏறக்குறைய 60,000 பேரைப் பலிவாங்கிய பிளேக், சில வாரத்தில் அடங்கியது.

இந்த வேலையில் ஈடுபட்ட பணியாளர்களில் நிறைய பேர் இறந்தார்கள். அதிகம் இறந்தது நோயாளிகளைத் தூக்கியவர்களும் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டியவர்களும்தான். டாக்டர் பட்டம் பெற்றவர்களை விட அவர்கள் பக்கம் சாவு விகிதம் ரொம்ப அதிகம். எந்த வேலையிடத்திலும் பாருங்கள், ஆபத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் பயிற்சி மிகக் குறைவாகக் கிடைக்கிறது. கான்ட்ராக்ட் தொழிலாளி கையில் கிளவுஸைக் கொடுத்துவிட்டு, அதை எப்படிப் போடணும், எப்போ மாற்றணும்னு யாரும் சொல்லாமல் விடுவது இன்னைக்கும் நடக்கிற கதைதானே?

பிறகு

1911 ஏப்ரலில் முக்டனில் சர்வதேச பிளேக் மாநாடு நடந்தது. 11 நாடுகளின் நிபுணர்கள் வந்தார்கள், கிருமியியலில் உலகப் புகழ் பெற்ற ஜப்பானின் கிட்டசாட்டோ உட்பட. தலைமை வகித்தவர் 32 வயசு வூ லியன் தே.

நோய் எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் விடாமல் தேடினார். மஞ்சூரியா, மங்கோலியா புல்வெளிகளில் தார்பகான் என்ற பெரிய மார்மட் வாழ்கிறது, அணில் குடும்பம். அதன் தோலுக்கு நல்ல விலை வந்ததும் புதிதாக நிறைய பேர் வேட்டைக்கு இறங்கினார்கள். பரம்பரை வேட்டைக்காரர்கள் நோய்ப்பட்ட மிருகத்தைத் தொட மாட்டார்கள். புதியவர்களுக்கு அது தெரியாது. பயிற்சி இல்லாமல் வேலைக்கு இறங்கியவர்கள் என்ற அதே காரணம் இங்கேயும்.

1915-ல் சீன மருத்துவர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1920-21-ல் பிளேக் மறுபடி வந்தபோது, முன்பே அமைத்து வைத்திருந்த தடுப்பு அமைப்பு தயாராக இருந்தது. சாவு 10,000-க்குள் நின்றது. 1930-லிருந்து சீனத் துறைமுகங்களின் குவாரன்டைன் சேவைக்குத் தலைமை தாங்கினார். 1935-ல் மருத்துவ நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பரிசு கிடைக்கவில்லை. 1937-ல் ஜப்பான் படையெடுத்தபோது மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண கிளினிக் வைத்து, பல வருஷம் நோயாளிகளைப் பார்த்தார். 1960 ஜனவரி 21-ஆம் தேதி, 80 வயசில், பிறந்த ஊரான பினாங்கிலேயே காலமானார்.

நமக்கு என்ன?

கவசத்தைக் கையில் எடுக்கும் முன் வூ கேட்ட கேள்வியை நாமும் கேட்கலாம்: ஆபத்து எந்த வழியாக வருகிறது? இதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தப்பு நடக்காது.

தூசுக்கான மாஸ்க் தின்னர் ஆவியை நிறுத்தாது, அதுக்கு கார்பன் கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் வேணும். ஆக்ஸிஜனே இல்லாத தொட்டிக்குள் கார்ட்ரிட்ஜும் உதவாது. ஃபில்டர் காற்றைச் சுத்தம் செய்யும், ஆக்ஸிஜனை உண்டாக்காது. செப்டிக் டேங்க்கில் இறங்கி இறந்தவர்களைப் பற்றி வரும் செய்திகளின் பின்னால் இந்த உண்மைதான் பல நேரம் இருக்கு. கிளவுஸ் நல்லதுதான், ஆனா சுற்றிக்கொண்டிருக்கும் லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் அது கையை உள்ளே இழுத்துவிடும். அங்கே போடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. கூலிங் கிளாஸ் வெல்டிங் கண்ணாடி ஆகாது. தாடியோடு என்95 போட்டால் ஓரம் ஒட்டாது. தாடைப் பட்டையைக் கட்டாத ஹெல்மெட் நாம் விழும்போது நம்ம தலைக்கு முன்னாடியே விழுந்துடும்.

அதோடு, முதலில் ஆபத்தை நீக்கப் பாருங்கள், முடியலைன்னா குறைக்கப் பாருங்கள், தடுப்பு போடுங்கள், காற்றோட்டம் கொடுங்கள். இதெல்லாம் செய்த பிறகு மிச்சமிருக்கும் ஆபத்துக்குத்தான் பிபிஇ. வூவின் ரயில் பெட்டிகள் இல்லாமல் அவருடைய மாஸ்க் மட்டும் ஹார்பினைக் காப்பாற்றியிருக்காது.

கடைசியாக ஒன்று. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில், இருபது வருஷமா இது இல்லாமத்தான் வேலை பார்க்கிறேன், எனக்கு என்ன ஆச்சு என்று சொல்லும் ஒரு சீனியரை நீங்கள் கண்டிப்பாகச் சந்திப்பீர்கள். அவர் கெட்டவர் இல்லை. அவர் அனுபவத்துக்கு மரியாதை கொடுங்கள், அவரிடம் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கும். கத்தவும் வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். உங்கள் கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆதாரத்தை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மேலே எழுதிக் கொடுங்கள். 31 வயசில் வூ லியன் தே செய்தது அவ்வளவுதான். கிருமிக்கு சீனியாரிட்டி தெரியாது. கிரைண்டிங் வீலுக்கும் ஆசிட் லைனுக்கும் 415 வோல்ட் கேபிளுக்கும்கூட அது தெரியாது.